50 டாலருக்குள்ள ட்ரவுட்டுக்கு ஒரு ரீல்: பேரிங்கை எண்ணாதீங்க, டிராகை இழுத்துப் பாருங்க

தம்பி, உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். பென்சில்வேனியாவுக்கு வந்து ஆறேழு மாசம் ஆச்சு, ஏப்ரல்ல ட்ரவுட் மீன் பிடிக்கிற சீசன் திறக்குது, ஆபிஸ்ல ஒருத்தர் அவரோட பழைய அஞ்சரை அடி அல்ட்ராலைட் ராடை, அதாவது மெல்லிசு லைனுக்கான லேசான தூண்டில் கம்பை, சும்மாவே கொடுத்துட்டாரு, லைன் சுத்துற ரீல் மட்டும் வாங்கணும், பட்ஜெட் 50 டாலர். ஆன்லைன்ல 25 டாலருக்கு 13 பேரிங் போட்ட 500 சைஸ் ரீல் ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு, அதை வாங்கவா இல்ல பேர் தெரிஞ்ச கம்பெனியில மூணு நாலு பேரிங்கோட வர்ற 1000 சைஸ் வாங்கவான்னு குழப்பம். ஊர்ல மூங்கில் கம்பு, தக்கை, மண்புழுன்னு கெண்டையும் ஜிலேபியும் பிடிச்சதோட சரி, ரீலைத் தொட்டதே இல்லைன்னும் சொல்லியிருக்கீங்க.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன், அவசரத்துல இருந்தா இதோட நிறுத்திக்கலாம். 13 பேரிங் வேணாம். 500 சைஸும் வேணாம். ஷிமானோ சியென்னா 1000 மாதிரி 30 டாலர் சுத்தி இருக்குற ஒரு சாதாரண ரீல் வாங்குங்க, மிச்ச காசுல 4 பவுண்டு இழுவை தாங்குற நல்ல மோனோ (ஒத்தை நைலான் இழை) லைன் ஒரு ஸ்பூல், லைன் முறுக்காம இருக்க குட்டி ஸ்விவல் ஒரு பாக்கெட், ரெண்டு மூணு ஸ்பின்னர் (தகடு சுழலுற போலி இரை). அவ்வளவுதான். இது ஏன்னு தெரிஞ்சுக்கணும்னா மேல படிங்க, கொஞ்சம் நீளமாவே போகும், எனக்கு இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது, வீட்லயும் இதே கம்ப்ளெயிண்ட்தான்.

மூங்கில் கம்புல பிடிச்சவங்களுக்கு ஒரு விஷயம் சொன்னா டக்குனு பிடிபடும். ஊர்ல நரம்பு கம்போட நுனியில கட்டியிருக்கும், மீன் கடிச்சா வெடுக்குனு ஒரே தூக்கு, கரையில வந்து விழும், நடுவுல பேச்சே கிடையாது. அங்க நரம்பு தடிமனா இருக்கும், அறுந்துடுமேங்குற கவலையே இல்ல. ட்ரவுட் அப்படி இல்ல, தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், தடி லைனைப் பாத்தா கிட்டயே வராது, அதனால 4 பவுண்டு லைன், சிலர் 2 பவுண்டே போடுவாங்க, 4 பவுண்டு மோனோன்னா கிட்டத்தட்ட 0.20 மில்லிமீட்டர் தடிமன்தான். இந்த மெல்லிசு லைனை வச்சுக்கிட்டு வெடுக்குனு தூக்கினா அறுந்துடும், இல்ல வாய் கிழிஞ்சு மீன் போயிடும். மீன் இழுக்கும்போது விட்டுக்கொடுத்து, அது சோந்து நிக்கும்போது சுத்தி, மறுபடி விட்டுக்கொடுத்துன்னு ஒரு பேச்சுவார்த்தை நடத்தணும். அந்த விட்டுக்கொடுக்குற வேலையைச் செய்யறதுதான் டிராக். ரீல்னா வெறும் நூல் சுத்துற ராட்டினம்னு நினைச்சா பேரிங் எண்ணத்தான் தோணும், பிரேக்குன்னு நினைச்சுப் பாருங்க, அப்ப பாக்கவேண்டியது வேறயா இருக்கும்.

அந்தப் பிரேக்குல என்ன பாக்கணும்? பெட்டி மேல மேக்ஸ் டிராக் 3 கிலோ, 4 கிலோன்னு பெருசா போட்டிருப்பான். நம்ம லைனே 1.8 கிலோவுல அறுந்துடும் தம்பி, 4 கிலோ டிராக் வச்சுக்கிட்டு என்ன பண்றது, அந்த நம்பர் நமக்கு ஒண்ணுத்துக்கும் உதவாது. நாம டிராகை வைக்கப்போறது லைனோட பலத்துல கால்வாசி, அதாவது 450 கிராம் கிட்ட. அந்த 450 கிராம்ல அது எவ்வளவு மெதுவா, எவ்வளவு சீரா கிளம்புதுங்குறதுதான் மேட்டர். நின்னுக்கிட்டு இருக்குற பீரோவைத் தள்ளிப் பாத்திருப்பீங்க, முதல்ல அசையாது, மூச்சைப் பிடிச்சுத் தள்ளினா திடீர்னு நகந்துடும், நகந்தப்புறம் சுலபமாப் போகும், அதே கதைதான் டிராக் வாஷர்லயும். மோசமான டிராக்ல கிளம்புறதுக்கு 900 கிராம் இழுவை வேணும், கிளம்பினப்புறம் 450ல ஓடும், நின்னா மறுபடி 900. மீன் கரைக்கிட்ட வந்து நம்ம மூஞ்சியைப் பாத்துட்டு கடைசியா ஒரு துள்ளு துள்ளும் பாருங்க, அந்த நொடியில இந்த 900 லைன்ல ஏறும், முடிச்சு கொஞ்சம் சுமாரா இருந்தாலும் அங்கயே அறும். நல்ல டிராக்ல கிளம்புற இழுவையும் ஓடுற இழுவையும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா மீன் கையில வர்றதும் வராததும் அதுலதான் இருக்கு.

கடையிலயே இதை சோதிச்சுப் பாக்கலாம், காசு செலவில்ல. ஸ்பூல், அதான் ரீல்ல லைன் சுத்துற உருளை, காலியாத்தான் இருக்கும், பரவாயில்ல, டிராக் நாபைத் தளத்தி, லேசா இறுக்கி, ஸ்பூலை விரலால மெல்ல மெல்ல சுத்துங்க. திக்கு திக்குனு மாட்டி மாட்டி வந்தா கீழ வச்சுடுங்க. வெண்ணெய்ல கத்தி போற மாதிரி வழுக்கிட்டு வந்தா அது நல்ல ரீல். அப்புறம் நாபை ஒரு கால் சுத்து சுத்துங்க, டிராக் கொஞ்சமா ஏறணும், சில ரீல்ல ஒரு கால் சுத்துல ஒண்ணுமே இல்லாததுல இருந்து பூட்டு போட்ட மாதிரி ஆயிடும், நமக்குத் தேவையான அந்த 450 கிராம் நடுவுல எங்கயோ ஒளிஞ்சிருக்கும், பிடிக்கவே முடியாது. மெல்லிசு லைனுக்கு அந்த மாதிரி ரீல் ஆகவே ஆகாது. உள்ள வாஷர் கார்பனா ஃபெல்ட்டான்னு நிறைய பேர் சண்டை போடுவாங்க, இந்த சைஸ் மீனுக்கு எண்ணெய் ஊறின ஃபெல்ட் வாஷரே தாராளம்.

இப்ப பேரிங் கதைக்கு வருவோம். நானும் அதுல ஏமாந்தவன்தான். மொதல் சீசன்ல ஆன்லைன்ல ஒரு ரீல் வாங்கினேன், பேர் வேணாம், இப்ப அந்தப் பேர்ல விக்குறாங்களான்னே தெரியல, நீங்க பாத்த மாதிரியே ரெட்டை இலக்கத்துல பேரிங். பெட்டியைத் திறந்து கையில வச்சு சுத்துனா ஆஹா, ஒரு தட்டு தட்டினா பத்து சுத்து சுத்துது, பொண்டாட்டிகிட்ட எல்லாம் காட்டினேன். ரெண்டாவது மாசம் ஹேண்டில் லொடலொடன்னு ஆட ஆரம்பிச்சுது, மூணாவது மாசம் கிரைண்டர்ல கல்லு மாட்டின மாதிரி கரகரன்னு சத்தம். பிரிச்சுப் பாத்தா பேரிங் எல்லாம் இருக்கு, எண்ணிக்கையில மோசடி ஒண்ணும் இல்ல, ஆனா கியர் மெத்துனு ஏதோ ஒரு வார்ப்பு உலோகம், பல்லு தேஞ்சு மாவா கொட்டிக்கிடக்கு. அதாவது நாலு ரூபா பேரிங்கை பத்து இடத்துல வச்சுட்டு, காசு போடவேண்டிய கியர்ல மிச்சம் பிடிச்சிருக்காங்க. ஷிமானோ செடோனாவைப் பாருங்க, மூணு பேரிங்கும் ஒரு ரோலர் பேரிங்கும்தான், கோல்டு ஃபோர்ஜ் பண்ணின கியர், அது வருஷக்கணக்கா ஓடுது. ஃப்ளூகர் கம்பெனியோட பிரசிடென்ட் ரீல்ல பேரிங் அதைவிட அதிகம், அதுவும் நல்லா ஓடுது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா பேரிங் எண்ணிக்கைக்கும் ஆயுசுக்கும் சம்பந்தமே இல்லைன்னு புரியும். எங்க பேரிங் இருக்குங்குறதுதான் கேள்வி: மெயின் கியருக்கு ரெண்டு பக்கமும், பினியன்ங்குற சின்ன கியருக்கு ஒண்ணு, முடிஞ்சா லைன் உரசித் திரும்புற லைன் ரோலர்ல ஒண்ணு. ஹேண்டில் நாப்ல இருக்குற பேரிங் எல்லாம் அலங்காரம்.

சைஸ் விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அல்ட்ராலைட்னா எல்லாமே குட்டியா இருக்கணும்னு 500 வாங்குறாங்க, பாக்க அழகாத்தான் இருக்கு, பொம்மை மாதிரி. ஆனா ஸ்பூல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு இறுக்கமா லைன் சுருண்டு படுத்திருக்கும், மோனோவுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி, ரெண்டு வாரம் ஸ்பூல்ல கிடந்தா வெளிய வரும்போது பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருள் சுருளா வரும், ராட்ல லைன் போற கைட் வளையத்துல உரசி உரசி தூரம் போகாது. அதோட இன்னொரு கணக்கு இருக்கு. லைன் வெளிய போகப் போக ஸ்பூல்ல மிச்சம் இருக்குற சுருளோட குறுக்களவு குறையும், குறைஞ்சா அதே டிராக் செட்டிங்லயே இழுவை ஏறும். 19 மில்லிமீட்டர் ஆரம் 15 ஆச்சுன்னு வைங்க, 450 கிராம்ல வச்ச டிராக் 570 கிராம் ஆயிடும், நாபை நீங்க தொடவே இல்ல. சின்ன ஸ்பூல்ல இந்த ஏத்தம் சீக்கிரம் வரும். 1000ல இது ரெண்டுமே கம்மி, வெயிட்ல பாத்தா வித்தியாசம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக்கூட இருக்காது. அப்புறம் நம்ம கை சைஸ். ராடைப் பிடிச்சபடியே ஆள்காட்டி விரலை நீட்டி லைனைக் கொக்கி போடணும், 500ல ஸ்பூல் ரொம்பக் கிட்ட வந்து விரல் மடங்கி மடங்கி வலிக்கும்.

ஒரு எச்சரிக்கை, 1000ங்குறது கிலோ லிட்டர் மாதிரி ஒரு அளவு இல்ல. ஒவ்வொரு கம்பெனியும் அவனவன் இஷ்டத்துக்கு நம்பர் போட்டுக்கிறான். ஃப்ளூகர்ல 20, 25ன்னு வரும், ஒகுமாவோட பழைய ரீல்ல 10, 20ன்னு வரும், டைவா 2018ல எல்.டி வரிசையைக் கொண்டுவந்தப்ப தன்னோட பழைய நம்பரையே மாத்திட்டான், அதனால பழைய டைவா வச்சிருக்கவர் சொல்ற நம்பரும் இப்ப கடையில இருக்குறதும் ஒண்ணில்ல. நம்பரை விட்டுட்டு ரெண்டு விஷயம் பாருங்க: ரீல் வெயிட் 200 கிராம் பக்கத்துல இருக்கணும், 4 பவுண்டு லைன் 100 கெஜமாவது பிடிக்கணும். நாம வீசப்போறது எல்லாம் இருபது மீட்டர்தான், ஆனா ஸ்பூல் நிறைஞ்சு இருக்கணுங்குறதுக்காக சொல்றேன்.

கியர் ரேஷியோ பத்தியும் கேக்கப்போறீங்கன்னு தெரியும். 5:1 இருந்தா போதும், அதாவது ஹேண்டில் ஒரு சுத்துக்கு லைன் ஸ்பூல்ல அஞ்சு சுத்து. கணக்கு சுலபம், ஸ்பூல் குறுக்களவு 4 சென்டிமீட்டர்னா ஒரு சுத்துக்கு பன்னெண்டரை சென்டிமீட்டர், அஞ்சால பெருக்கினா ஹேண்டில் ஒரு தடவை சுத்தினா அறுபது சென்டிமீட்டர் சொச்சம் லைன் வரும். ஓடையில நாம ஓட்டத்துக்கு எதிரா மேல வீசுவோம், மீன் ஓட்டத்தைப் பாத்துதான் நிக்கும், பின்னாடி இருந்து போனா நம்மளைப் பாக்காது. ஆனா அப்ப தண்ணியே லூரை, அதான் போலி இரையை, நம்ம பக்கம் தள்ளிக்கிட்டு வரும், அதைவிட வேகமா சுத்தினாத்தான் ஸ்பின்னர் இறக்கை சுழலும். ரொம்ப மெதுவான ரீல்னா கை ஓஞ்சுடும். அதுக்காக 6க்கு மேல தேடிப் போகவேணாம்.

ரீல் பேருக்கு வருவோம், நான் கையில வச்சுப் பாத்ததை மட்டும் சொல்றேன், விலை கடைக்கு கடை, மாசத்துக்கு மாசம் மாறும். சியென்னா 30 டாலர் சுத்தி, டிராக் இந்த விலைக்கு ஆச்சரியமான சாது, உடம்பு பிளாஸ்டிக் வாடைதான், ஹேண்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், வருஷத்துக்கு பத்து நாள் போறவங்களுக்கு இதுக்கு மேல எதுக்கு. கொஞ்சம் கையைக் கடிச்சாலும் பரவாயில்லன்னா 60, 70 டாலர் பக்கம் செடோனா இல்ல ஃப்ளூகர் பிரசிடென்ட். பிரசிடென்ட் இங்க ட்ரவுட் பிடிக்கிறவங்க பாதிப் பேர் கையில இருக்கும், டிராக் நிஜமாவே வழவழப்பு, ஆனா மத்ததோட பாத்தா கொஞ்சம் கனம், உங்க அஞ்சரை அடி ராடுக்கு அந்தக் கனம் பின்னாடி உக்காந்து பேலன்ஸ் பண்ணுச்சுன்னா நல்லதுதான். டைவால எல்.டி போட்ட விலை கம்மி ரீல்கள் நல்ல லேசு, அந்த எழுத்துக்கு அர்த்தமே லைட், டஃப்தான். ஒகுமா சேமார் ஒண்ணு என் மச்சான் வச்சிருக்காரு, வருஷம் நாலாச்சு, தண்ணியில விழுந்து எந்திருச்சு இன்னும் ஓடுது. பிளாக் ஃப்ரைடே சமயத்துல இதுங்க எல்லாமே இறங்கும், ஆனா நீங்க ஏப்ரலுக்குள்ள வாங்கணும், அதனால அதை விடுங்க.

பழசு வாங்கலாமான்னா, கேரேஜ் சேல்ல பத்து டாலருக்கு பழைய பிரெஞ்சு மிட்செல் 308 கிடைச்சா யோசிக்காம வாங்கிடுங்க, முழுக்க உலோகம், எங்க தெருவுல ஒரு தாத்தா இன்னமும் அதுலதான் பிடிக்கிறாரு, சுத்தும்போது தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் வரும், கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆனா மொதல் ரீலா அது வேணாம். பெயில்ங்குற, லைனைப் பிடிச்சு ஸ்பூல்ல சுத்திவிடுற கம்பி வளையத்தோட ஸ்பிரிங் உடையும், ஹேண்டில் பின்னாடி கொஞ்சம் போய்தான் நிக்கும், புது ஆளுக்கு அது எரிச்சல். இப்ப வர்ற ரீல்ல பின்பக்கம் ஒரு நூல்கூட நகராது, உள்ள ஒரு ரோலர் கிளட்ச் இருக்கும்.

அந்த கிளட்சை வச்சு நானே பண்ணின கோளாறு ஒண்ணு. குளிர்காலத்துல சும்மா இருக்கமேன்னு ரீலைப் பிரிச்சு, யூடியூப் பாத்து, கைக்கு வந்த இடத்துல எல்லாம் கிரீஸை அப்பி வச்சேன், இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுற மாதிரி. சீசன் திறந்த அன்னிக்கு காலையில பனி உறையுற குளிர், மீன் கடிச்சு நான் வெட்டி இழுத்தேன், ஹேண்டில் பின்பக்கமா கரகரன்னு சுத்தி மீன் போயிடுச்சு, ரெண்டாவது தடவையும் அப்படியே. ரீல் மேல பழியைப் போட்டுத் திட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்து, வெந்நீர்ல காப்பி போட்டுக் குடிச்சு, பிரிச்சுப் பாத்தா கிளட்ச் ரோலர் எல்லாம் கிரீஸ்ல ஊறிக் கிடக்கு, குளிர்ல அது இறுகி ரோலர் பிடிக்கவே இல்ல. கியருக்கு கிரீஸ், கிளட்சுக்கு கிரீஸ் கூடவே கூடாது. லைன் ரோலருக்கும் ஹேண்டில் நாபுக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய், சீசனுக்கு ரெண்டு தடவை. புது ரீல்ல இதுவும் தேவையில்ல, மொத வருஷம் தொடாதீங்க.

லைனுக்கு வருவோம், இதுலதான் முக்கால்வாசி பேர் ரீலைக் குறை சொல்றாங்க. 30 டாலர் ரீல்ல நல்ல லைன் போட்டா, 100 டாலர் ரீல்ல மோசமான லைன் போட்டதைவிட நல்லா வீசும், இதை நான் எங்க வேணா சூடம் ஏத்தி சத்தியம் பண்ணுவேன். 4 பவுண்டு டிரைலீன் எக்ஸ்.எல் மாதிரி மெத்துனு இருக்குற மோனோ வாங்குங்க. பல இழையைப் பின்னின பிரெய்டு லைன் வேணாமான்னா, தப்பில்ல, 10 பவுண்டு பிரெய்டே 2 பவுண்டு மோனோ தடிமன்தான், தூரமாவும் போகும். ஆனா அது தண்ணியை உறிஞ்சும், ஏப்ரல் காலைக் குளிர்ல கைட்ல ஐஸ் கட்டும், முடிச்சு விழுந்தா பிரிக்க ஊசி வேணும், முன்னாடி லீடர்னு ஒரு துண்டு மோனோ வேற கட்டணும். ரீலே தொடாதவங்களுக்கு மொத வருஷம் மோனோதான். அது கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுபடும், அந்த இழுபடுறதே நம்ம தப்பை மன்னிக்கும்.

சுத்துற முறை முக்கியம், கவனமா கேளுங்க. ஸ்பூல் முழுக்க புது லைன் சுத்தவேணாம், காசு தண்டம். அடியில ஏதாவது பழைய மோனோவைக் கொஞ்சம் சுத்தி, அதுக்கு மேல புது லைன் நூறு கெஜம். கடையில லைன் சுத்தி வந்த ஸ்பூலைத் தரையில படுக்க வச்சு, ஈரத் துணியால லைனை ரெண்டு விரல்ல பிடிச்சுக்கிட்டு பத்து இருபது சுத்து சுத்துங்க, அப்புறம் கையைத் தளத்துங்க. நடுவுல லைன் முறுக்கிக்கிட்டு சுருண்டா தரையில இருக்குற அந்த ஸ்பூலைத் தலைகீழாத் திருப்பிப் போட்டுட்டு மறுபடி சுத்துங்க, முறுக்கு நின்னுடும். ஸ்பூல் விளிம்புக்கு மூணு மில்லிமீட்டர் கீழ நிறுத்தணும். கம்மியா இருந்தா விளிம்புல உரசி தூரம் போகாது, வழிய வழிய சுத்தினா மொத வீச்சுலயே குருவிக்கூடு மாதிரி ஒரு கொத்தா வெளிய வந்துடும், கரையில உக்காந்து அதைப் பிரிக்கிற சுகம் எதிரிக்கும் வேணாம்.

டிராக் 450 கிராம்ல வைக்கணும்னு சொன்னேன்ல, அதுக்குத் தராசு எல்லாம் வேணாம். அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு எடுங்க, ரெண்டு மடக்கு குடிச்சுடுங்க, மிச்சம் 450 கிராம் பக்கத்துல நிக்கும். லைனை ராட்ல கோக்காம, ரீலை மட்டும் கையில பிடிச்சு, பெயிலை மூடி, லைன் நுனியை பாட்டில் கழுத்துல கட்டித் தொங்கவிடுங்க. நாபைக் கொஞ்சம் கொஞ்சமா தளத்துங்க, பாட்டில் தானா, மெதுவா, நிக்காம கீழ இறங்கணும். அதுதான் செட்டிங். சும்மா நின்னு நின்னு விழுந்து விழுந்து இறங்குச்சுன்னா நான் மேல சொன்ன பீரோ வியாதி உங்க ரீலுக்கு இருக்குன்னு அர்த்தம், ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடுங்க. என் பொண்ணு இந்த பாட்டில் வித்தையைப் பாத்துட்டு லிஃப்ட், லிஃப்ட்னு கத்திக்கிட்டு இருந்தா. சீசன் முடிஞ்சதும் நாபை முழுக்கத் தளத்தி வச்சுடுங்க, இறுக்கியே வச்சா வாஷர் நசுங்கிப்போயிடும்.

பழக்கம் ரெண்டு மட்டும் மொத நாள்லயே பிடிச்சுக்கோங்க. வீசி முடிச்சதும் பெயிலை கையால மூடுங்க, ஹேண்டிலைச் சுத்தி மூடாதீங்க. சுத்தி மூடினா தொளதொளன்னு ஒரு வளையம் ஸ்பூல்ல உக்காந்துக்கும், அடுத்த வீச்சுல அதுதான் சிக்கு. ரெண்டாவது, மீன் டிராகை இழுத்துக்கிட்டுப் போகும்போது ஹேண்டிலைச் சுத்தாதீங்க, பதட்டத்துல எல்லாரும் சுத்துவாங்க, மீனும் வராது, ஒவ்வொரு சுத்துக்கும் லைன்ல முறுக்கு மட்டும் ஏறும். ஸ்பின்னருக்கு முன்னாடி குட்டி ஸ்விவல் சொன்னதும் இந்த முறுக்குக்காகத்தான். பாந்தர் மார்ட்டின், மெப்ஸ் மாதிரி ஸ்பின்னர் எல்லாம் சுழலுறதுதான் வேலை, லைனையும் சேத்து முறுக்கிடும்.

ஹேண்டிலை எந்தப் பக்கம் போடணும்னு அடுத்த கேள்வி வரும். பெரும்பாலான ரீல்ல ரெண்டு பக்கமும் மாத்திக்கலாம். சோத்துக்கை பழக்கம்னா ராட் வலது கையில, சுத்துறது இடது கையில, மொத ஒரு மணி நேரம் தடுமாறும், அப்புறம் சரியாயிடும். வலது கையில வீசிட்டு ராடை கை மாத்துற பழக்கம் மட்டும் வேணாம், மாத்துற அந்த நொடியிலதான் மீன் கடிக்கும், என் அனுபவம்.

மீன் சைஸைப் பத்தி பயப்படாதீங்க, இங்க மாநிலம் வளத்து விடுற ட்ரவுட் சராசரி 11 அங்குலம்தான், கால் கிலோ தேறும். ஆனா நடுவுல நடுவுல பெரிசும் விடுவாங்க, மஞ்சள் கலர்ல கோல்டன் ரெயின்போன்னு ஒண்ணு, தண்ணிக்குள்ள மாம்பழம் மிதக்குற மாதிரி பளிச்சுனு தெரியும், விஸ்ஸஹிக்கான் ஓடையில ஒரு தடவை ஒரே மீனை பதினஞ்சு பேர் சுத்தி நின்னு வீசிக்கிட்டு இருந்ததைப் பாத்திருக்கேன், அது யாரையும் மதிக்கல. அந்த மாதிரி ஒண்ணு தப்பித்தவறி உங்க லைன்ல மாட்டினா, பாட்டில் வச்சு செட் பண்ணின டிராக்தான் காப்பாத்தும், அவசரத்துல நாபை இறுக்கிடாதீங்க.

சைடுல ஒண்ணு, ட்ரவுட்னா வெள்ளக்காரன் மீன், நமக்கு என்ன தெரியும்னு எழுதியிருந்தீங்க. ஊட்டி பக்கம் அவலாஞ்சியில 1907லயே ட்ரவுட் பொரிப்பகம் வந்தாச்சு, நான் மொதமொத ட்ரவுட்டைப் பாத்தது காலேஜ் டூர்ல அங்கதான், தொட்டிக்குள்ள. அப்ப இது ஏதோ புள்ளி போட்ட கெண்டைன்னு நினைச்சுட்டு பஸ்ஸுக்கு லேட் ஆகுதுன்னு ஓடிட்டேன்.

லைசென்ஸும் ட்ரவுட் பெர்மிட்டும் ரெண்டும் தனித்தனி, ரெண்டுமே எடுக்கணும், 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ள எல்லாருக்கும். சீசன் திறக்குறது ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்கு, எட்டுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வீசினாலும் தப்பு. நாளைக்கு அஞ்சு மீன், ஏழு அங்குலத்துக்குக் கம்மியா இருந்தா விட்டுடணும். இடத்துக்கு இடம் தனி ரூல் உண்டு, வேலி ஃபோர்ஜ் பக்கம் வேலி க்ரீக்ல எல்லாம் பிடிச்ச மீனை எடுத்துட்டுப் போகவே கூடாது.

கடைசியா ஒரு வேலை உங்களுக்கு. அந்த ராட்ல பிடிக்கு கொஞ்சம் மேல பொடி எழுத்துல ரெண்டு நம்பர் இருக்கும், ஒண்ணு லைன் பவுண்டு, இன்னொண்ணு லூர் அவுன்ஸ். லைன் 2ல இருந்து 6ன்னு இருந்தா நான் சொன்னது எல்லாம் அப்படியே பொருந்தும். 6ல இருந்து 10ன்னு இருந்துச்சுன்னா அது அல்ட்ராலைட்டே இல்ல, கொடுத்தவர் மறந்து வேற ராடைக் கொடுத்திருக்காரு, அப்ப 1000க்கு பதிலா 2000, 2500ன்னு பேசணும். வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாத்து சொல்லுங்க.